நான்காவது கண்ணி: ஊசி இல்லாமல் பின்னிய ஒரு மப்ளர் கெட்டுப்போனது ஏன்?

அக்கா மகள் டிசம்பர் விடுமுறைக்கு எடின்பரோவிலிருந்து வந்தவள், பெட்டியின் அடியிலிருந்து அந்த மப்ளரை உருவி என் மடியில் போட்டாள். "மாமா, நீங்கள்தானே செக்கிங் பார்த்து அனுப்பினீர்கள்?" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் அவள் கிளம்பும்போது அந்த மப்ளர் 170 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். நானே டேப் பிடித்து அளந்து நோட்டில் குறித்தது. இப்போது 232 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம். கழுத்தில் போட்டால் இரண்டு முனையும் முழங்காலைத் தாண்டித் தொங்கின. ஓரங்கள் இரண்டும் பின்பக்கமாகச் சுருண்டு, துண்டு என்பது போய்த் தாம்புக்கயிறாகிவிட்டிருந்தது. மேலெல்லாம் மிளகு அளவில் உருண்டைகள். நடுவில் ஓரிடத்தில் ஏணிபோல் ஒரு பிளவு; கையை விட்டால் மணிக்கட்டைத் தாண்டிப் போனது.

திருப்பூரில் 31 ஆண்டு பனியன் துணி செக்கிங் பார்த்தவன் நான். ரோல் ரோலாகத் துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கை தாண்டிப் போன ஒரு சரக்கு சில மாதத்தில் இப்படித் திரும்பி வந்தது இதுதான் முதல் முறை. அதனால் காரணத்தைத் தேடி, மேசையில் போட்டு, வரிசை வரிசையாகப் பிரித்துப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

பின்னிய விதம்

கையில் பின்னியவள் அக்கா. ஆஸ்திரேலிய மெரினோ என்று சீட்டு ஒட்டிய கம்பளி, ஒரு கிலோ உருண்டை, ஏறத்தாழ 40 மீட்டர். பெருவிரல் தடிமனுக்கும் மேல். ஊசியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம், உங்கள் முன்கையே ஊசி என்று காட்டும் வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "பூக்கட்டுகிறவளுக்கு இது ஒரு வித்தையா?" என்று உட்கார்ந்தாள்.

முறை எளிது. கம்பளியின் முனையிலிருந்து இரண்டு மீட்டர் விட்டு ஒரு சுருக்குப் போட்டு, அதை வலது மணிக்கட்டில் மாட்டுவது. விட்ட நுனியையும் உருண்டைப் பக்க இழையையும் சேர்த்துச் சேர்த்து இன்னும் ஐந்து கண்ணி ஏற்றினால் வலது கையில் வளையல்போல் ஆறு கண்ணிகள். இனி உருண்டைப் பக்க இழையை வலது கை முட்டிக்குள் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டுக்கு அருகிலுள்ள கண்ணியை இடது கையால் தூக்கி முட்டிக்கு மேலாகக் கழற்றிவிட வேண்டும். முட்டிக்குள் இருக்கும் இழை அந்தப் பழைய கண்ணிக்குள்ளிருந்து வெளியே வந்து ஒரு புதுக் கண்ணியாக நிற்கும். அதை இடது கையில் மாட்டி, இழையை இழுத்து இறுக்குவது. ஆறும் இடது கைக்குப் போனால் ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசை இடமிருந்து வலம். முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகக் கழற்றி, கடைசி ஒன்று மிஞ்சும்வரை போய், இழையை அறுத்து அதற்குள் விட்டு இழுத்துவிடலாம்.

அக்கா 24 வரிசை பின்னினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படம் எடுத்தால் அட்டகாசமாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

ஆனால் பூக்கட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாழைநாரில் மல்லிகை கட்டும்போது ஒவ்வொரு சுற்றும் காம்பின் மேல் தனித்தனியே இறுகுகிறது. நடுவில் நார் அறுந்தால் அங்கே நாலு பூ உதிரும்; மற்ற பூ தன் முடிச்சிலேயே இருக்கும். பின்னலில் முடிச்சே கிடையாது. மேல் கண்ணி கீழ்க் கண்ணியைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே ஒன்று நழுவினால் கீழே உள்ளது அதை நம்பித்தான் நின்றது என்பது அப்போதுதான் தெரியும்.

முதலில் ஏணி

பிளவைத்தான் முதலில் பிடித்தேன், ஏனென்றால் அதுதான் என் மானத்தை வாங்கியது. கீழிருந்து எண்ணிக்கொண்டு போனேன். 16-ஆம் வரிசை வரை ஆறு கண்ணி. 17-இலிருந்து கடைசி வரை ஐந்து. 16-ஆம் வரிசையின் நான்காவது கண்ணியை மேலே யாரும் பிடிக்கவில்லை. அது பின்பக்கமாகத் தொங்கி, மெல்ல மெல்ல அவிழ்ந்து, ஐந்து வரிசை கீழே ஓடியிருந்தது. மிஷினில் ஓர் ஊசியின் கொக்கி முறிந்தாலும் துணியில் இதே ஏணிதான் விழும், என்ன, அங்கே மில்லிமீட்டரில் இருக்கும்.

"16-ஆவது வரிசை பின்னும்போது என்ன நடந்தது?" என்று அக்காவிடம் கேட்டேன். யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

கூரியர்காரர் மணி அடித்திருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வலது முன்கையில் ஆறு கண்ணி மாட்டியிருக்க, மடியில் முக்கால் கிலோ பின்னல். கையே ஊசி என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை: ஊசியைக் கீழே வைக்கலாம், கையைக் கீழே வைக்க முடியாது. அவள் மூலையில் இருந்த மாப்புக் கட்டையை எடுத்து, இடது கை ஒன்றாலேயே கண்ணிகளை அதற்கு மாற்றியிருக்கிறாள். இது சரியான வழிதான். கட்டையோ தடித்த கயிறோ எதில் வேண்டுமானாலும் கண்ணிகளை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அவசரத்தில் கட்டை நான்காவது கண்ணிக்குள் போகாமல் அதன் அடியில் போய்விட்டது. கையெழுத்துப் போட்டுப் பார்சல் வாங்கி வந்து, கட்டையில் இருந்த ஐந்தையும் கைக்கு மாற்றிப் பின்னிக்கொண்டே போய்விட்டாள்.

அவள் எண்ணவில்லை. சரி, நான்? மப்ளரைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒரு முனையில் மட்டும் அகலத்தை அளந்து, மேலாகத் தடவிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்றேன். கம்பெனியில் துணியை அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேல் ஓட்டித்தான் பார்ப்போம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் விட்ட கண்ணி காட்டிக்கொடுக்கும். அன்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தாலே தெரிந்திருக்கும். பஞ்சுபோன்ற கம்பளி என்பதால் அவிழ்ந்த கண்ணி உடனே ஓடாமல் பக்கத்து இழைகளில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எடின்பரோவில் கோட்டின் மேல் ஏற்றி இறக்கும்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது.

துணி செக்கிங்கில் நான்கு புள்ளி முறை என்று ஒன்று உண்டு. ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட ஓட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி. அந்தக் கணக்கை இந்த மப்ளருக்குப் போட நினைத்து விட்டுவிட்டேன். ஓட்டை இல்லாத இடத்தைத் தேடுவதே கஷ்டமாக இருந்தது.

நீண்டது ஏன்?

ஏணி ஒரு விபத்து. நீளம் விபத்தல்ல, ஆறு கண்ணியும் ஒழுங்காக இருந்திருந்தாலும் அது நீண்டுதான் இருக்கும். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையால் பின்னும் பெரும்பாலோர் கம்பளியின் தடிமனைத்தான் பார்க்கிறார்கள், கண்ணியின் நீளத்தைப் பார்ப்பதில்லை.

பனியன் துணியின் தலைவிதியை முடிவு செய்வது லூப் லென்த். துணியில் 100 கண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டு, அந்த நூலை உருவி, நிமிர்த்தி அளந்து, 100-ஆல் வகுத்தால் ஒரு கண்ணிக்கு எவ்வளவு நூல் போயிருக்கிறது என்று தெரியும். 30-ஆம் நம்பர் பருத்தி நூலில் ஓட்டும் டி-ஷர்ட் துணிக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, 2.8 போல வரும். இது கால் மில்லிமீட்டர் கூடினாலே துணி தொளதொளப்பது கைக்குத் தெரியும்.

மப்ளரிலும் அதையே செய்தேன். ஆறு கண்ணியுள்ள ஒரு வரிசையை உருவினேன். 156 செ.மீ. ஆக, கண்ணிக்கு 26 செ.மீ.

இது சரியா, அதிகமா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் இழை எத்தனை கிராமோ அதுதான் டெக்ஸ். அதன் வர்க்கமூலத்தைச் சென்டிமீட்டரில் உள்ள கண்ணி நீளத்தால் வகுத்தால் இறுக்கம் எவ்வளவு என்று ஓர் எண் கிடைக்கும். 30-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 20 டெக்ஸ், வர்க்கமூலம் நாலரை, 0.28-ஆல் வகுத்தால் 16-ஐ ஒட்டி வருகிறது. உடம்பில் போட்டுத் துவைத்து மறுபடி போடக்கூடிய பின்னல் துணிகள் பெரும்பாலும் இந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். அக்காவின் கம்பளி மீட்டருக்கு 25 கிராம், அதாவது 25,000 டெக்ஸ். வர்க்கமூலம் 158. அதை 26-ஆல் வகுத்தால் ஆறு!

பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தால் அது துணி அல்ல, வலை. கண்ணிக்குள் இடம் இருக்கும்வரை இழை அங்கும் இங்கும் நழுவும். ஒரு கிலோ கனம் கழுத்திலிருந்து தொங்குகிறது. கண்ணியின் அகலத்தில் இருந்த இழையெல்லாம் நீளத்துக்கு ஓடுகிறது. 30 செ.மீ. அகலம் 17 ஆனதும், 170 நீளம் 232 ஆனதும் ஒரே காரியத்தின் இரண்டு முகம்.

26 எங்கிருந்து வந்தது என்று அக்காவின் கையையும் அளந்தேன். மணிக்கட்டில் 16 செ.மீ. சுற்றளவு, முழங்கைக்குக் கீழே 24. கண்ணி கையைச் சுற்றி வரவேண்டும், அடுத்த கண்ணிக்கு ஓடவும் வேண்டும். ஆக 26 என்பது அவள் கையின் அளவு. கம்பளி அதற்குத் தக்க தடிமனில் இல்லை. இன்னொரு வேடிக்கையும் கண்ணில் பட்டது. வரிசையில் முதலில் மாட்டும் கண்ணி முழங்கைப் பக்கம் ஏறிப்போய்ப் பெரிதாகிறது. கடைசியாக மாட்டுவது மணிக்கட்டிலேயே சிறிதாக நிற்கிறது. அடுத்த வரிசையில் இது தலைகீழ். அதனால் நடுக் கண்ணிகள் ஓரளவு ஒத்திருக்க, இரு ஓரமும் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று கோணலாகப் போயிருந்தன. அக்கா கைத்திறன் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கை கூம்பு வடிவம், அதற்கு அவள் என்ன செய்வாள்?

ஓரம் சுருண்டதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரே முகமாகப் பின்னிய எந்தத் துணியும் பக்கவாட்டில் பின்னோக்கிச் சுருளும். டி-ஷர்ட் துணியை வெட்டும் கட்டிங் மாஸ்டர்கள் நாள்தோறும் இதைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்கிறார்கள்.

நூலாகாத நூல்

மேலே பிடித்த மிளகு உருண்டைகளுக்குக் காரணம் வேறு. கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்த யாரிடமாவது அந்தக் கம்பளி உருண்டையைக் கொடுத்தால், "இதை ஏன் இன்னும் நூற்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார். பஞ்சைச் சீவி வரிசைப்படுத்தி வடமாக எடுத்தால் ஸ்லைவர். அதை இழுத்து மெலிதாக்கி இலேசான முறுக்குக் கொடுத்தால் ரோவிங். ரோவிங்கை மேலும் இழுத்து நல்ல முறுக்கு ஏற்றினால்தான் நூல். தடித்த மெரினோ என்று உருண்டையாக வந்தது, சீவிய கம்பளி ஸ்லைவர். முறுக்கே இல்லை. அதன் மென்மைக்கும் காரணம் அதுதான், உருண்டை பிடிப்பதற்கும் காரணம் அதுதான். முறுக்கு இல்லாத இடத்தில் ஒவ்வொரு மயிரும் தன் பாட்டுக்கு வெளியே வருகிறது. கோட்டுக் காலரில் தேய்கிறது. நான்கைந்து சேர்ந்து மிளகாகிறது. மருமகள் உருண்டைகளைப் பிய்த்துப் பிய்த்து எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மயிரை வெளியே இழுத்துவிட்டதுதான் மிச்சம்.

இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவள் கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும் மாமா, இவ்வளவு தடியாக இருந்தும் ஏன் குளிர்ந்தது?"

எடின்பரோவின் குளிரைவிட அதன் காற்றுதான் தொல்லை என்று அவள் போனிலேயே சொல்லியிருக்கிறாள். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. தன் மயிர்களுக்கிடையே காற்றை அசையாமல் நிறுத்தி வைக்கிறது, அந்த அசையாத காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. இழைக்குள் நிற்கும் காற்று சரி. இழைக்கும் இழைக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் சந்து இருந்தால் அங்கே காற்று நிற்குமா? அவளிருக்கும் ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாந்து தீவுகளில், ஆளை மூடும் கம்பளிச் சால்வையை ஒரு மோதிரத்துக்குள் இழுத்து எடுத்துவிடும் அளவுக்கு மெல்லிய நூலில் பின்னுவார்கள். தடிமனும் சூடும் ஒன்றல்ல என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

துவைக்கும் கல்

அவள் திரும்பிப் போக இரண்டு வாரம் இருந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. அதே கம்பளி, அதே கை, ஊசி கிடையாது. ஆனால் இறுக்கம் 13-க்குக் குறையக்கூடாது என்று தீர்மானித்தோம்.

பிரிப்பதற்கே ஒரு மாலை போனது. கழுத்துப் பட்ட இடத்தில் வியர்வையும் தேய்ப்பும் சேர்ந்து இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அங்கே ஏறக்குறைய ஒரு மீட்டரை வெட்டி எறிந்தோம். அந்தப் பிடிப்புதான் அடுத்த யோசனையைத் தந்தது. கம்பளி மயிரின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதிலோடு செதில் கொக்கி போட்டுக்கொண்டு இறுகும், பிறகு பிரியாது. கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டுக் குழந்தைச் சட்டையாக்கிய வீடுகளுக்கு இது தெரியும். அங்கே நாசமாக்குவது இங்கே உதவும். முறுக்கு இல்லாத குறையை இப்படி ஈடுகட்டலாம்.

பாதிக் கம்பளியை மட்டும் எடுத்தோம், 20 மீட்டர். பின்கட்டில் துவைக்கும் கல். அக்கா ஒரு முனையில், நான் மறுமுனையில். கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர் விட்டு, கயிறு திரிப்பதுபோல் கல்லின் சொரசொரப்பில் இழையை முன்னும் பின்னும் உருட்டினோம். முதலில் நனைந்த பஞ்சுபோல் வழுக்கியது. நூறு உருட்டலுக்கு மேல் போனதும் உள்ளங்கைக்கு அடியில் ஒரு கெட்டித்தன்மை தட்டுப்பட்டது, சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு கட்டத்தில் மாவு கையை விட்டு விலகுமே, அதுபோல. அதன் பிறகு இழுத்தாலும் மயிர் வரவில்லை. இரண்டு பிற்பகல். மாடிக் கொடியில் காய்ந்த பிறகு அளந்தால் 20 மீட்டர் பதினாறரை மீட்டராகியிருந்தது. தடிமன் குறைந்து, எடை அப்படியே.

புதுக் கணக்கு: மீட்டருக்கு 30 கிராம், வர்க்கமூலம் 174. 13 செ.மீ. கண்ணி வைத்தால் இறுக்கம் 13-க்குச் சற்று மேல்.

13 செ.மீ. கண்ணி முன்கையில் ஏறாது. ஆகவே கையில் மாட்டும் முறையை விட்டுவிட்டு மேசையில் பின்னினாள் அக்கா. கண்ணிகள் மேசைமேல் படுத்திருக்கும். விரலை ஒரு கண்ணிக்குள் விட்டு இழையைப் பிடித்து மேலே இழுத்தால் புதுக் கண்ணி. வரிசை முடிந்ததும் பின்னலைத் திருப்பாமல், அதே பக்கமாக எதிர்த் திசையில் திரும்பி வரலாம். எழுந்து போகலாம், கூரியர் வாங்கலாம். கண்ணியின் அளவு அவள் எவ்வளவு இழுக்கிறாள் என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் பனியன் வேஸ்ட்டைக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி இழுத்துவிட்டுப் பழகினாள். அந்த நாடா இழுத்த இழுப்பில் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். திருப்பூரில் பழகுவதற்கு இதைவிட மலிவான சரக்கு இல்லை.

கண்ணளவை நம்பாமல் நான் ஒன்று செய்தேன். கம்பளியில் 52 செ.மீ.க்கு ஒரு முறை சிவப்புத் தையல் நூல் கட்டினேன். வரிசைக்கு நான்கு கண்ணி; ஒவ்வொரு வரிசையும் சிவப்பு நூலில் முடிந்தால் சரி. முதல் மூன்று வரிசை தாண்டிப் போயிற்று, பிரித்தாள். நான்காவது முறை சிவப்பு நூல் ஓரத்தில் வந்து நின்றது. "இதற்குப் பூக்கட்டுவதே தேவலை தம்பி" என்றாள். ஆனாலும் 30 வரிசை முடித்தாள், ஒவ்வொரு வரிசையிலும் நான்கை வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

வந்த நீளம் 72 செ.மீ., அகலம் 12. நெகிழ்வாகப் பின்னினால் நீளம் இனாமாகக் கிடைக்கும்; இறுக்கினால் கிடைக்காது. மப்ளராகத் தொங்கவிட முடியாது என்பதால் இரு முனைக் கண்ணிகளையும் விரலாலேயே கோத்து மூடி வளையமாக்கினோம். தலைவழியாக இறங்கிக் கழுத்தில் உட்காரும். ஓரம் இப்போதும் சுருள்கிறது. வளையத்தில் அது காலர்போலத் தெரிவதால் அப்படியே விட்டுவிட்டோம். இந்த முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து 120 கண்ணியையும் எண்ணிய பிறகே பெட்டியில் வைக்கவிட்டேன்.

மார்ச்சில் மருமகள் டேப்போடு சேர்த்துப் படம் அனுப்பினாள். 74 செ.மீ. உருண்டை நாலைந்து, அதுவும் தாடைக்குக் கீழே மட்டும். காற்று நுழையவில்லை என்றாள். கனம் கொஞ்சம் அதிகம்தான் என்றும் சொன்னாள். அரைக் கிலோ, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மீதி அரைக் கிலோவைப் பூச்சி அரிக்காமல் இருக்க வசம்புத் துண்டுகளோடு பழைய தலையணை உறையில் கட்டி பீரோவில் வைத்திருக்கிறோம். அக்கா போன வாரம் அதை வெளியே எடுத்து முன்கையில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டேப்பைத் தேடுவதற்குள் உள்ளே வைத்துவிட்டாள்.